மிலூத்தின் பெயரில் ஒரு கூவல்

"இந்தத் தடவை பையில எத்தனை?"

"பதினேழு கேசட்டு."

"அதுல பதினாறு பூஞ்சை புடிச்சிருக்கும்."

"மீதி ஒண்ணு போதும் அண்ணே. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வேணும்?"

"போன மாசம் அந்த மீதி ஒண்ணுலதான் பல் டாக்டர் வீட்டு மெஷின் இருபது நிமிஷம் இரைஞ்சுது."

"அதைத் திரும்பப் போடச் சொல்லி மான்ட்ரியால்ல இருந்து மூணு பேர் எழுதினாங்க."

"பாவம், அங்க குளிர் அதிகம். மண்டை உறைஞ்சிருக்கும்."

வெள்ளிக்கிழமை மதியக் கூஸ்கூஸ் வயிற்றில் கனக்க, மொக்தாரியாவும் பூஸியானும் இப்படிப் பேசிக்கொண்டேதான் மூன்று மாடி ஏறுவார்கள். அவளுக்கு அறுபத்தொன்று, அவருக்கு அறுபத்தைந்து. ஓரான் நகரில் கம்பெத்தா பகுதியில், எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிய ஓர் அறை. ஒன்பது பேர் சேர்ந்து நடத்தும் இணைய வானொலி அது. அரசாங்கத்துக்கும் சொந்தமில்லை, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. மழை பெய்தால் மட்டும் மேல்வீட்டிலிருந்து ஒழுகும் தண்ணீருக்குச் சொந்தம். அங்கே வெள்ளி தோறும் நாலு மணிக்கு மொக்தாரியாவின் நிகழ்ச்சி. பெயர், 'எது வந்தாலும்'.

எது வந்தாலும் போடுவாள். மேய்ச்சல்காரர்களின் நாணல் குழல், பாலைவனத்துப் பெண்களின் தவில் அடி, எழுபதுகளில் எவனோ கராஜில் உட்கார்ந்து மின்சார ஆர்கனில் வாசித்துப் பாதியில் விட்ட கல்யாண மெட்டு, போலந்து சர்ச்சுக் கோரஸ், டிராம் கம்பிகளின் முனகலைப் பதிந்து வந்த கல்லூரிப் பிள்ளைகளின் வேலை. மற்ற வானொலிகள் தொடாத எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. விதி இரண்டே இரண்டு. பழைய சந்தையில் வாங்கும் கேசட் எதையும் முன்கூட்டிக் கேட்பதில்லை. ஆரம்பித்த எதையும் நடுவில் வெட்டுவதில்லை.

"நான் முதல்ல கேட்டுட்டேன்னா, உங்களுக்குப் போடறது ஆறின காப்பி," என்று முதல் நாளே மைக்கில் சொன்னாள். பதினோரு வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வருகிறாள்.

பூஸியான் கருவிகளைப் பார்த்துக்கொள்வார். துறைமுகத்தில் சரக்கேற்றும் சங்கிலியில் மாட்டி வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போனவர். மீந்த மூன்று விரல்களால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அந்த மேஜைக் குமிழ்களை அவர் தள்ளுவதைப் பார்த்தால் யாரோ தூங்கும் குழந்தையின் போர்வையைச் சரிசெய்வது போலிருக்கும். மைக்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை. "குரல் வேணும்னா உன்னோடது இருக்கு. எனக்கு இருக்கறதே மூணு விரல்" என்பார்.

அவருடைய மேஜைக்கு மேலே சுவரில் ஒரு படம். முப்பத்து நாலு வயது மிலூத், மொக்தாரியாவின் அண்ணன், பூஸியானின் உயிர் நண்பன். இதே தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். தொண்ணூற்றைந்தாம் வருடம் பிப்ரவரி எட்டாம் தேதி, ஒருவருக்குப் பாதி முகம் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, நம்பர் இல்லாத காரில் வந்தவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். யார் என்று அன்றும் யாரும் சொல்லவில்லை, இன்றும் யாரும் சொல்லவில்லை. பாதி முகத்தோடு தெருவில் நின்றவர் மட்டும் சாட்சி. பன்னிரண்டு வருடம் கழித்து, அவன் இறந்துவிட்டதாக எழுதிய ஒரு தாளை அரசு அலுவலகத்தில் நீட்டினார்கள். மொக்தாரியா கையெழுத்துப் போட்டாள். அம்மா ஃபாத்னா போடவில்லை.

"என் மகன் பேரைக் கல்யாணத்துல கூவியிருக்காங்க. உயிரோட இருக்கறவன் பேரு மாதிரி கூவியிருக்காங்க. நீ அவனைக் குழியில தள்றியா?" என்றாள் அம்மா. அதுதான் மகளிடம் அவள் கடைசியாகப் பேசியது. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து, ஒரு வார்த்தை பேசாமல் செத்துப்போனாள்.

கல்யாணத்தில் கூவுவது என்றால் அந்தப் பக்கத்தில் அது பெரிய காரியம். பாட்டுக்காரன் இரண்டு வரி பாடுவான். கூவல்காரர் கையைத் தூக்குவார், மேளம் நிற்கும். தன் கையில் பண நோட்டை வைத்து அழுத்தியவன் பேரையும், அவன் யாருக்காகக் கேட்டான் என்பதையும் மண்டபம் அதிரக் கூவுவார். பிறகு பாட்டு தொடரும். வரமுடியாதவன் பேரிலும் கூவலாம், போய்ச் சேர்ந்தவன் பேரிலும் கூவலாம். இருப்பவன் என்றால் 'வாழட்டும்' என்பார். போனவன் என்றால் 'அல்லாஹ் இரங்கட்டும்' என்பார். இரண்டில் ஒன்று ஒட்டாமல் எந்தப் பேரும் கூவல்காரர் வாயைத் தாண்டாது.

மிலூத் பேரைக் கூவினார்கள் என்ற சேதியைத் துணி விற்கிற ஒருத்திதான் தொண்ணூற்றேழு செப்டம்பரில் கொண்டு வந்தாள், பக்கத்து ஊரான தெமூஷென்ட்டில் நடந்த கல்யாணம் என்று. மொக்தாரியா மறுநாளே பஸ் ஏறினாள். இருபது கதவு தட்டினாள். ஊரே பயந்து கிடந்த வருடங்கள் அவை. காணாமற்போனவன் பேரைக் கேட்டாலே கதவு மூடிக்கொண்டது. கல்யாணமே நடக்கவில்லை என்றார்கள் சிலர். திரும்பி வந்து, "அம்மா, உனக்குப் புத்தி பேதலிச்சிருக்கு" என்றாள். அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். பூஸியானும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நாலு மணி," என்று மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார் பூஸியான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வெள்ளிக்கிழமை, நாலு மணி, எது வந்தாலும். சாப்பிட்டவங்க சாஞ்சுக்கோங்க. சாப்பிடாதவங்க, உங்க மாமியாரைப் பத்தி எனக்கு எழுதாதீங்க, போன வாரமே நிறைய வந்துடுச்சு. முதல்ல மஸ்காரா ஊர்ப் பக்கத்து ஒரு பழைய தவில். அப்புறம் பை."

தவில் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு பையில் கைவிட்டாள். லேபிள் கிழிந்த ஒரு கேசட் வந்தது. உறையை மைக்குக்கு அருகில் தட்டிக் காட்டினாள், கேட்பவர்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பூஸியான் வாங்கிப் பெட்டியில் சொருகினார்.

முதலில் இரைச்சல். பிறகு நாணல் குழல் இரண்டு, மேளம், பெண்களின் குலவை. மொக்தாரியா நாற்காலியில் நிமிர்ந்தாள். கல்யாணப் பதிவு. இதற்கென்றே மார்ஸெய்யில் உயிரை விடும் கூட்டம் உண்டு. மேளம் நின்றது. கரகரவென்று, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு பெரிய குரல்.

"இன்னிக்கு வியாழக்கிழமை, ஆகஸ்ட் பதினாலு, தொண்ணூத்தேழு. தெமூஷென்ட்ல மாப்பிள்ளை கத்தூர் வீட்டுல நிக்கறோம். பட்டப்பகல்ல கல்யாணம் பண்றோம், ஏன்னு கேக்காதீங்க. குழல் ஊதறவனே, ஊது."

பூஸியானின் கை சட்டென்று நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். பாட்டு ஓடும்போது மைக் மூடியிருக்கும்.

"டேப்பு இழுக்குது தங்கச்சி. அறுந்துடும்."

"அறுந்தா அறுந்து போகட்டும். வெட்டக் கூடாது."

கை பின்வாங்கியது. தெமூஷென்ட் என்ற சொல் அவளுக்கும் நெஞ்சில் இடித்ததுதான். ஆனால் தெமூஷென்ட்டில் எத்தனையோ கல்யாணம். குழல் ஏறியது, இறங்கியது. மணமகனின் மாமன் பேரில் ஒரு கூவல். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவன் தன் எதிரிகளுக்காக ஒரு கூவல், எல்லாரும் சிரிக்கிறார்கள். மறுபடி குழல். கூவல்காரர் மறுபடி கையைத் தூக்கியிருக்க வேண்டும், மேளம் நின்றது.

"நிறுத்து, நிறுத்து. இது கம்பெத்தாவுல முடி வெட்டற மிலூத் பெலார்பி பேர்ல. வாழட்டும், நூறு வருஷம் வாழட்டும். அவரு தங்கச்சி மொக்தாரியாவுக்கு. குழல் சத்தம் கேட்டா, கெட்டில் கொதிக்குது இறக்கி வைங்கன்னு அழுமே, அந்தத் தங்கச்சிக்கு. இன்னும் கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு தங்கச்சி. இறக்கிடாதே. ஊதுடா."

குழல் ஊதியது.

மொக்தாரியாவுக்கு முதலில் தோன்றியது, அடுப்படிக் குழாயை மூடாமல் வந்துவிட்டோமோ என்பதுதான். ஏன் அப்படித் தோன்றியது என்று அவளுக்குப் பிறகும் விளங்கவில்லை. கைகளைப் பார்த்தாள். அவை மடியில் இருந்தன, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது போல. வாய் திறந்திருந்தது. எதிரே ஒலியளவு காட்டும் கண்ணாடிக்குள் முள் துள்ளித் துள்ளி விழுந்தது. அதை எண்ண ஆரம்பித்தாள். பதினொன்று வரை எண்ணியதும் மூச்சு வந்தது.

கெட்டில். அவளுக்கு ஆறு வயது. பெருநாளன்று வாசலில் ஒரு நாணல் குழல்காரர் ஊத, கெட்டில் கொதிக்கிறது என்று அடுப்படிக்கு ஓடினாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பெரியவளான பிறகும், குழல் கேட்டால் போதும், "இறக்கு, இறக்கு" என்பான். அம்மா, அண்ணன், அவள். மூன்று பேருக்குத் தெரிந்த பேச்சு. ஒருத்தி மண்ணுக்குள். ஒருவன் எங்கேயோ. அது எப்படித் தெமூஷென்ட்டில் ஒரு கூவல்காரர் வாய்க்குப் போகும், அவனே நின்று சொல்லாமல்?

"அண்ணே, கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"தொண்ணூத்தேழு ஆகஸ்டுன்னான்."

"ம்."

"அவன் போயி ரெண்டரை வருஷம் கழிச்சு. ரெண்டரை வருஷம் கழிச்சு உயிரோட நின்னிருக்கான் அண்ணே. பஸ்ல ஒரு மணி நேரத் தூரத்துல நின்னிருக்கான்."

பூஸியான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் போலிருந்தது. அவருக்கும் அதே அதிர்ச்சிதான் என்று நினைத்தாள். பாவம், அவருக்கும் நண்பன்தானே.

"நிறுத்திடட்டுமா தங்கச்சி? ஒரு தடவை விதியை மீறினா ஒண்ணும் குடி முழுகிடாது."

"கையை எடுங்க அங்கேருந்து."

பாட்டு ஒன்பது நிமிடம் ஓடியது. அந்த ஒன்பது நிமிடமும் மிலூத் உயிரோடு இருந்தான். கல்யாணத்தில் சட்டை நனைய ஆடினான். எல்லை தாண்டி மொராக்கோவுக்குப் போனான், அங்கிருந்து ஸ்பெயினுக்கு. வேறு பேரில் கடை வைத்தான். தலை நரைத்தது. அவளோ மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, அவன் செத்தான் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், பேனா நன்றாக எழுதவில்லை என்று இன்னொரு பேனா கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழல் ஓய்ந்தது. மொக்தாரியா மைக்கைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"இப்ப நீங்க கேட்டதுல வந்த மிலூத் பெலார்பி என் அண்ணன். மொக்தாரியா நான்தான்." குரல் அவளுடையதாக இல்லை. "அவன் தொண்ணூத்தஞ்சுல காணாமப் போனான். செத்துட்டான்னு கையெழுத்துப் போட்டவ நான். அந்தக் கல்யாணத்துல இருந்தவங்க யாராவது கேட்டுட்டிருந்தா கூப்பிடுங்க. பயப்படாதீங்க. எல்லாருக்கும் வயசாயிடுச்சு."

தொலைபேசி விளக்கு உடனே மின்னியது. பூஸியான் மூன்று விரலால் குமிழை மேலே தள்ளினார்.

"அக்கா, மார்ஸெய்யில இருந்து பேசறேன், ஸஹ்ராவி. அந்தக் குழல் ஊதறவர் யாரு? வேற கேசட்டு இருக்கா?"

"தம்பி, நான் இப்ப சொன்னதைக் கேட்டியா?"

"இல்லக்கா, அடுப்புல மீன் இருந்துது."

"போயி மீனைப் பாரு."

அடுத்த அழைப்பு. ஒரு பெண், மூச்சு வாங்கியபடி, மூத்த பெண்களைக் கூப்பிடும் 'லாலா' என்ற மரியாதையோடு.

"லாலா மொக்தாரியா, என் பேரு நெபியா. மாப்பிள்ளை கத்தூர் என் பெரியப்பா மகன். நானும் அந்தக் கல்யாணத்துல இருந்தேன், பதினாலு வயசு எனக்கு. நீங்க வந்து எங்க கதவைத் தட்டினதும் ஞாபகம் இருக்கு. எங்க அப்பாதான், கல்யாணமே நடக்கலைன்னு சொன்னது. மன்னிச்சிடுங்க."

"என் அண்ணனைப் பாத்தியா?"

"எனக்கு அடையாளம் தெரியாது லாலா. ஆனா கூவினது ஹாஜ் ஜெல்லூல். உயிரோட இருக்கார், எண்பத்து நாலு வயசு, எங்களுக்கு மேல் மாடி. போனை எடுத்துட்டு ஏறிப் போறேன், வச்சிடாதீங்க."

நெபியாவின் செருப்பு படிகளில் ஏறும் சத்தம் வானொலியில் கேட்டது. டப், டப், டப். ஒரு பூனை கத்தியது. கதவு தட்டும் சத்தம். உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்து அதைக் கேட்டவர்கள் பின்னால் சொன்னார்கள், அந்தப் படி ஏறிய நேரத்தில் யாரும் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை என்று.

ஒரே ஒரு குமிழை இறக்கினால் போதும், அழைப்பு அறுந்துவிடும். லைன் போய்விட்டது என்று சொன்னால் மொக்தாரியா நம்பியிருப்பாள், வாரத்துக்கு நாலு தடவை போகிற லைன்தான். பூஸியான் குமிழில் கையை வைத்திருந்தார். குரல் சன்னமாக வந்ததும், அதை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினார்.

"யாரு?"

"ரேடியோ, ஹாஜ்."

"என் வீட்டுல ரேடியோ இல்லையே."

"போன்ல ரேடியோ. பேசுங்க."

"பேசினா எங்க கேக்கும்?"

"எல்லா எடத்துலயும் கேக்கும்."

"அப்ப மெதுவாப் பேசறேன்," என்றார் ஹாஜ் ஜெல்லூல். கேசட்டில் இருந்த அதே கிணற்றுக் குரல், தண்ணீர் வற்றிய கிணறு.

"ஹாஜ், தொண்ணூத்தேழுல கத்தூர் கல்யாணம். மிலூத் பெலார்பின்னு ஒரு பேரு கூவினீங்க."

"லட்சம் பேரு கூவியிருக்கேன் மகளே."

"கெட்டில் கொதிக்குதுன்னு கூவினீங்க."

போனில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அது ஞாபகம் இருக்கு. காதலுக்குக் கூவியிருக்கேன், பகைக்குக் கூவியிருக்கேன், ஜெயில்ல இருக்கறவனுக்குக் கூவியிருக்கேன். கெட்டிலுக்குக் கூவினது அந்த ஒரு தடவைதான்."

"நான்தான் அந்தத் தங்கச்சி."

"அப்படியா. இறக்கினியா இல்லையா?"

மொக்தாரியா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "எப்படி இருந்தான் ஹாஜ்? மெலிஞ்சிருந்தானா? தாடி இருந்துதா?"

"யாரு?"

"என் அண்ணன்."

"உன் அண்ணனை நான் பாக்கலையே."

மொக்தாரியா மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு கொண்டு வந்தது அவரோட சிநேகிதர் மகளே. நல்லா ஞாபகம் இருக்கு. நோட்டை நீட்டினப்ப பாத்தேன், கையில ரெண்டு விரல் இல்ல. சுண்டு விரலும் அடுத்ததும். நழுவிடப் போகுதுன்னு நானே புடிச்சுக்கிட்டேன். கேட்டேன், எப்படிக் கூவ, இருக்கறவரா, போயிட்டவரான்னு. அந்த மனுஷன் வாயே திறக்கல. பாட்டுக்காரன் என்னை முறைக்கறான், மேளக்காரன் காயறான். அப்புறம், இருக்கறவர்னார். எங்க இருக்கார்னு கேட்டேன். அதைக் கூவ வேண்டாம்னார்."

மொக்தாரியா தலையைத் திருப்பினாள். அது திரும்ப ரொம்ப நேரம் ஆனது போலிருந்தது. குமிழின் மேல் மூன்று விரல். பதினோரு வருடம் எதிரே பார்த்த விரல்கள். முப்பது வருடம் அவள் வீட்டுத் தட்டிலிருந்து ரொட்டி பிய்த்த விரல்கள்.

ஒன்பது நிமிடம் உயிரோடிருந்த மிலூத் இப்போது போனான். ஸ்பெயினிலிருந்த கடை போனது, நரைத்த தலை போனது. பிப்ரவரி எட்டாம் தேதிக்குப் பிறகு அவனைப் பற்றி ஒன்றுமே இல்லை, எப்போதும் இருந்தது போலவே ஒன்றுமே இல்லை. இரண்டாவது தடவை தொலைப்பது முதல் தடவையைவிட வேகமாக நடந்தது.

"ஹாஜ், போனை வைக்காதீங்க," என்றாள். பிறகு, "அண்ணே, உங்க மைக்கைத் திறங்க."

"தங்கச்சி, அப்புறம் பேசலாம். வீட்டுல போயி..."

"ஆரம்பிச்சதை வெட்டறதில்ல. திறங்க."

திறந்தார். அவருடைய மூச்சு முதல்முறையாக வானொலியில் கேட்டது.

"அந்தக் கல்யாணத்துக்குப் போனீங்களா?"

"போனேன். கத்தூர் என்கூட துறைமுகத்துல வேலை பாத்தவன்."

"கெட்டில் கதை உங்களுக்கு யாரு சொன்னா?"

"மிலூத்துதான். கடைக்கு வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிச் சிரிப்பான். பாதிக் கம்பெத்தாவுக்குத் தெரியும் தங்கச்சி. உனக்குத்தான் தெரியாது, எல்லாருக்கும் தெரியும்னு."

"ஏன் இருக்கறவன்னு சொன்னீங்க?"

"போனவன்னு சொல்ல வாய் வரல. ஹாஜ் கேட்டாரு, இதா அதான்னு. மூணாவதா ஒண்ணு அவர்கிட்ட இல்ல. அவன் பேரு ஒரு தடவை சத்தமாக் கேக்கணும்னு இருந்துது. அந்த ரெண்டரை வருஷமா யாரும் அந்தப் பேரைச் சத்தமாச் சொல்லல."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல, நான்தான் கூவச் சொன்னேன்னு?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள துணிக்காரி வந்து சொல்லிட்டுப் போயிட்டா. உங்கம்மா அடுப்புக்கிட்ட நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. அவன் போனதுக்கப்புறம் அவங்க சிரிச்சு நான் பாக்கல. உக்காருடா மகனேன்னு ரொட்டி வச்சாங்க. சாப்பிட்டேன். சாப்பிட்டுட்டு எப்படிச் சொல்ல?"

"அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம்."

"அடுத்த வாரமும் ரொட்டி வச்சாங்க."

"பன்னெண்டு வருஷம் சாப்பிட்டிருக்கீங்க."

"ஆமா."

"நான் அவங்களைப் புத்தி பேதலிச்சவங்கன்னு சொன்னேன். உங்க முன்னாடிதான் சொன்னேன். நீங்க தட்டைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"தட்டைத்தான் பாத்தேன்."

"அவங்க சொன்னதுல ஒரு எழுத்து பொய் இல்ல. கூவினாங்கன்னாங்க, கூவியிருக்காங்க. இருக்கறவன் பேரு மாதிரின்னாங்க, அப்படியேதான் கூவியிருக்காங்க. இதைத் தெரிஞ்ச ஒரே ஆளு அந்த வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தீங்க."

அவள் கத்துவாள் என்று பூஸியான் எதிர்பார்த்தாரோ என்னவோ. அவள் கத்தவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. பாதிச் சவரத்தோடு தெருவில் நின்ற அந்த மனிதர் அன்று இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார், கார் போன பக்கம்.

"மகளே, இருக்கியா?" தொலைபேசியில் கிணற்றுக் குரல்.

"இருக்கேன் ஹாஜ்."

"எல்லாம் கேட்டேன். அவர் பொய் சொல்லியிருக்கலாம், ஆனா கூவினது என் வாயி. நான் போறதுக்கு முன்னாடி அதைச் சரியாக் கூவிடணும். இப்பச் சொல்லு. இருக்கறவரா, போயிட்டவரா?"

அவளிடம் தாள் இருந்தது, முத்திரை போட்டது, அலமாரியில் துணிகளுக்கு அடியில். அதில் பதில் தெளிவாக இருந்தது. அவள் கையெழுத்தும் இருந்தது. கைக்கு வந்தது வாய்க்கு வரவில்லை.

"முதல்ல எங்கம்மா பேரு. ஃபாத்னா. அல்லாஹ் இரங்கட்டும்னு கூவுங்க. அவங்க கேட்டது நிஜம்னு சேத்துக் கூவுங்க, யாருக்குன்னா, அவங்க மகளுக்கு."

"சரி. மகன்?"

"அவனுக்கு ரெண்டும் வேண்டாம்."

"ரெண்டும் இல்லாம ஒரு பேரை நான் விட்டதே இல்ல மகளே. அறுபது வருஷத்துல விட்டதில்ல."

"இன்னிக்கு விடுங்க."

பெரியவர் இருமிக்கொண்டார். நெபியா தண்ணீர் கொடுத்தது கேட்டது, தம்ளர் மேஜையில் உட்கார்ந்தது கேட்டது. பிறகு அந்த வற்றிய கிணற்றிலிருந்து எப்படித்தான் வந்ததோ, அறையின் முட்டை அட்டைகள் அதிர, ஃபாத்னாவின் பேர் வந்தது. இரக்கம் வந்தது. "அவ கேட்டது நிஜம்" என்றது வந்தது. அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு, "கம்பெத்தாவுல முடி வெட்டற மிலூத் பெலார்பி" என்று கூவினார். அதோடு நிறுத்தினார். பழக்கத்தில் அடுத்த சொல்லுக்குத் திறந்த வாய் அப்படியே நின்றது போல, ஒரு மூச்சு மட்டும் வந்தது.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு மகளே," என்றார், சாதாரணக் குரலில். நெபியா போனை வாங்கி வைத்துவிட்டாள்.

பூஸியான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க கிளம்புங்க அண்ணே."

"எல்லாத்தையும் அணைச்சுட்டு..."

"எதையும் தொடாதீங்க."

"உன்னை வண்டியில கொண்டு போயி விட்டுட்டு..."

"வேண்டாம்."

கோட்டை எடுத்துக்கொண்டார். கதவருகே ஒரு தடவை நின்று சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. படி இறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மொக்தாரியா குமிழ்களைப் பார்த்தாள், இருபத்து நாலு குமிழ். பதினோரு வருடத்தில் அதில் ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை. எது எதை அணைக்கும் என்று தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கிரெப்போனே ஐஸ் விற்கிறவன் எலுமிச்சை, எலுமிச்சை என்று கூவிப் போனான். அதுவும் மைக்கில் போனது. அவள் மூச்சும் போனது, நாற்காலி முனகியதும் போனது.

தொலைபேசி மின்னியது. வெகுநேரம் மின்னியது. கடைசியில் ரிசீவரைக் கையிலேயே எடுத்தாள்.

"அக்கா, ஸஹ்ராவி. மார்ஸெய்யில இருந்து. முதல்ல பேசினேனே, மீன்காரன்."

"சொல்லு தம்பி."

"மன்னிச்சிடுங்கக்கா. அப்புறம் முழுசாக் கேட்டேன். வீட்டுல எல்லாருமா உக்காந்து கேட்டோம்." தயங்கினான். "அஞ்சே கால் ஆச்சு. நேரலை இன்னும் ஓடிட்டிருக்கு. நீங்க மூச்சு விடறது இங்க கேக்குது."

"தெரியும்."

"நிறுத்தலையா?"

"எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. அவருக்குத்தான் தெரியும்."

அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

"என் பெஞ்சாதி சொல்றா, அப்படியே இருக்கட்டுமாம்," என்றான். "நாங்க கேட்டுட்டிருக்கோம்."